இரணைமடுவின் வளவுகளும் தங்கி உழைத்தவர்களும்

பிறருடைய நிலத்தில் உழைத்து, அதற்கு ஈடாகக் காசுக்குப் பதில் தங்குவதற்கு ஓர் இடத்தையும் உண்பதற்கு உணவையும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, வேளாண்மை செய்யும் சமூகங்கள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டு இலண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கோப்பார்ட் என்னும் பெண், நகரவாசிகள் வார இறுதிகளில் சசெக்ஸ் பகுதியின் எமர்சன் கல்லூரிப் பண்ணைக்குச் சென்று, இயற்கை வேளாண்மை வேலைகளில் உதவி, அங்கேயே உண்டு உறங்கித் திரும்பும் வழியொன்றைத் தொடக்கிவைத்தார். அது பின்னர் ‘வூஃப்’ என்னும் பெயருடன் நாடுகள் கடந்து பரவி, இன்று உலகெங்கும் இளைஞர்கள் சிறு பண்ணைகளில் தங்கி உழைக்கும் பெரும் வலையமைப்பாக வளர்ந்துள்ளது. அதே பத்தாண்டில், இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றக் கிராமங்களில், மலையகத் தோட்டங்களிலிருந்து பசியாலும் வன்முறையாலும் துரத்தப்பட்ட குடும்பங்கள், கமக்காரரின் காணிகளில் ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டு, அந்தக் குடிசை நின்ற நிலத்துக்கு ஈடாகத் தம் உழைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தன. கொடுக்கல் வாங்கல் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் சசெக்ஸ் பண்ணைக்குப் போனவருக்குத் திங்கட்கிழமை திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. இரணைமடுவுக்கு வந்தவருக்கு அது இருக்கவில்லை. தங்கி உழைப்பது எப்போது நட்பின் வடிவமாக நிற்கிறது, எப்போது தலைமுறை கடந்தும் அவிழாத கட்டாக மாறுகிறது என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கிறது என்பதற்கு, இரணைமடுவின் நூறாண்டுக் குடியேற்ற வரலாற்றைவிடத் தெளிவான சான்று வடஇலங்கையில் இல்லை.

இரணைமடு மனிதர் வாழ்ந்த மிகப் பழைய இடங்களுள் ஒன்று. அங்குள்ள பரற்கல் படிவுகளில் கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன; அந்தப் புவியியல் படிவம் ‘இரணைமடுப் படிவம்’ என்றே வழங்குகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் காட்டும் நாடு, உடைந்த குளங்களும் காய்ச்சலும் காடும் மிகுந்து மக்கள் அருகிப்போன நாடாகும். கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் ஒன்றைக் கட்டினால், ஆற்றின் கீழ்ப்புறத்தில் கரைச்சி என்று வழங்கிய சமவெளியை நெல்வயலாக்கலாம் என்ற எண்ணம் குடியேற்ற ஆட்சியின் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடையே முன்னரே இருந்தது. 1902இல் வேலை தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடிவுற்றபோது, குளம் ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியதாயிருந்தது. ஒரு ஏக்கர் பரப்பை ஓரடி ஆழத்துக்கு மூடும் நீரின் அளவே ஏக்கர் அடி. அணைக்கட்டு அடுத்த அரை நூற்றாண்டில் கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டு, 1970களின் இறுதியில் கொள்ளளவு ஒரு இலட்சம் ஏக்கர் அடியைக் கடந்தது. அணை எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1905இல், வடபகுதிப் புகையிரதப் பாதையும் முழுமைபெற்றமையால், அதுவரை மாட்டு வண்டியில் காடு கடந்து வரவேண்டியிருந்த யாழ்ப்பாணத்தவருக்குக் கிளிநொச்சி ஒரு பகற்பொழுதுக்குள் எட்டும் இடமாயிற்று.

நீரும் பாதையும் வந்தன, ஆட்கள் வரவில்லை. வன்னியின் வேளாண் வரலாற்றில் எப்போதும் பற்றாக்குறையாயிருந்தது நிலமன்று, கைகளே என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரப்பு என்னும் சிறிய அளவையால் அளந்து வேலி போட்ட காணிகளில் ஒரு குடும்பத்தின் உழைப்பே மிஞ்சியது; கரைச்சியில் ஏக்கர் கணக்கில் நிலம் கிடந்தும் உழைப்பதற்கு ஆளில்லை. மாரி மழையை நம்பிப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் பெரும் பயிர்ச்செய்கையான காலபோகத்துக்கு, தென்மராட்சியிலிருந்தும் தீவுப்பகுதிகளிலிருந்தும் ஆண்கள் மட்டும் வந்து, வயலோரத்தில் வாடி போட்டுத் தங்கி, விதைப்பு முடிந்ததும் சிலர் ஊர் திரும்ப, மற்றவர் காவலுக்கு நின்றனர். வாடி என்பது காட்டுத்தடிகளை நட்டுக் கிடுகாலோ வைக்கோலாலோ வேய்ந்த தற்காலிகக் கொட்டில். அதில் அடுப்பு ஒன்று, பாய்கள் சில, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, அரிசிச் சாக்கு ஒன்று இருக்கும். வயலின் சொந்தக்காரனும் கூலிக்கு வந்தவனும் அந்த ஒரே கூரையின் கீழ் ஒரே பானைச் சோற்றை உண்டனர். பன்றிக்கும் யானைக்கும் இரவுக்காவல் இருக்கவேண்டிய வன்னியில், பரண்மேல் முறைவைத்து விழித்திருந்தவர்களுக்கு இடையில் யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கு சற்றே நெகிழ்ந்ததுண்டு. ஊர் திரும்பியதும் அது மீண்டும் இறுகியதும் உண்டு. இவ்வாறு வந்தவர்களில் பலருக்குக் கூலி அறுவடையின்போது நெல்லாகவே கிடைத்தது. அதுவரையான மாதங்களில் தங்கிடமும் உணவுமே அவர்களது ஊதியம். இருப்பினும் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு குடிநிலம் இருந்தது. நெல்லுடன் வண்டியேறியபோது உறவு கணக்குத் தீர்ந்து முடிந்தது.

இந்தப் பருவகால வாழ்க்கையை நிலையான குடியிருப்பாக மாற்றியது 1930களின் காணிக்கொள்கை. 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, டி. எஸ். சேனாநாயக்க விவசாய, காணி அமைச்சராயிருந்த காலத்தில், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அரச காணியைக் குடியானவருக்கு விற்காமல், நிபந்தனைகளுடன் கூடிய அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்குவதே அச்சட்டத்தின் மையம். மக்கள் வாயில் இது ‘பெர்மிற் காணி’ ஆயிற்று. அக்காணியை விற்கவோ, ஈடுவைக்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ, பிள்ளைகளுக்குப் பிரித்தெழுதவோ அனுமதிப்பத்திரக்காரருக்கு உரிமையில்லை. அவருக்குப் பின் பெயர் குறிக்கப்பட்ட ஒருவருக்கே அது சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. பிற்காலத்தில் மாவட்டத் தலைநகராகவும் போரின் மையமாகவும் உலகச் செய்திகளில் இடம்பெற்ற கிளிநொச்சி நகரம், இக்குடியேற்றத்தின் சந்தையாகவும் அலுவலகங்களின் இடமாகவும் பிறந்த ஊரே. பரந்தன், உருத்திரபுரம், முரசுமோட்டை, வட்டக்கச்சி, இராமநாதபுரம், கனகபுரம் என்று குளத்தின் இடது, வலது கரை வாய்க்கால்களின் வழியே கிராமங்கள் பரவின. அவற்றின் பகுதிகள் சில இன்றும் வாய்க்கால் இலக்கத்தாலேயே அறியப்படுவது, ஊருக்கு முன்னே நீர் வந்தது என்பதன் சுவடாகும். உருத்திரபுரத்தவர் தம் இருப்பிடத்தைப் பத்தாம் வாய்க்கால் என்றோ எட்டாம் வாய்க்கால் என்றோ சொன்னால் அயலவருக்கு அது போதும்.

தொடக்க காலக் குடியேற்றவாசி காட்டைத் தானே வெட்டவேண்டியிருந்தது. 1939இன் பின் அரசு காடழிப்பையும் வீடு கட்டுவதையும் பெருமளவில் தானே பொறுப்பேற்று, குடும்பம் ஒன்றுக்கு ஐந்து ஏக்கர் வயற்காணியும் மூன்று ஏக்கர் மேட்டுக்காணியும் வழங்கியது. 1953இன் பின் இது மூன்றும் இரண்டுமாகக் குறைந்தது. மேட்டுக்காணியில் வீடும் கிணறும் தென்னையும் மாவும் முருங்கையும் அமைந்த பகுதி வளவு எனப்படும். ஐந்து ஏக்கர் என்பது, மாட்டை விட்டு உழுது, கையால் விதைத்து, அரிவாளால் வெட்டி, களத்தில் மாடு வளைத்துச் சூடு மிதித்த ஒரு காலத்தில், கணவன் மனைவி இருவரின் கைகளுக்கு அடங்காத நிலம். நிலத்தை அளந்த அரசு அதில் வேலைசெய்யப் போகும் கைகளை அளக்கவில்லை என்றே சொல்லவேண்டும். முதற்சில ஆண்டுகளில் அந்த இடைவெளியைக் குடியேற்றவாசிகள் தமக்குள்ளேயே நிரப்பிக்கொண்டனர். இன்று ஒருவர் வயலில் எல்லோரும், நாளை அடுத்தவர் வயலில் எல்லோரும் என்று முறை வைத்து அரிவு வெட்டினர். வீட்டுக்காரர் சோறும் கறியும் தேநீரும் கொடுத்தார். கூலி என்று ஒன்று கைமாறவில்லை. வீடு கட்டி முடியாதவர், முடித்தவரின் திண்ணையில் மாதக்கணக்கில் தங்கி, அவர் வளவில் கிணறு வெட்டவும் வேலி அடைக்கவும் உதவினார். மலேரியா மலிந்திருந்த காலத்தில் படுத்தவரின் வயலை எழுந்து நடமாடியவர் பார்த்தார். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி தெளிப்பு தொடங்கியபின் நோய் தணியவே, குடும்பங்கள் பெண்களுடனும் பிள்ளைகளுடனும் நிலையாக வரத் துணிந்தன. தங்குவதற்கு ஈடாக உழைப்பு என்ற ஏற்பாடு இரணைமடுவில் தன் மிக மேன்மையான வடிவத்தில் நின்ற காலம் இதுவே. அதற்குக் காரணம் அன்றைய மனிதரின் பெருந்தன்மை மட்டுமன்று. இன்று உதவியவரிடமும் ஓர் அனுமதிப்பத்திரம் இருந்தது. நாளை அவரும் உதவி கேட்கக்கூடியவராயிருந்தார்.

இரண்டாம் தலைமுறையில் சமநிலை குலைந்தது. காணியைத் துண்டாடக்கூடாது என்ற சட்டம், துண்டாடலால் வறுமைப்பட்ட கிராமங்களைக் கண்ட அறிஞர்களின் நன்னோக்கில் பிறந்தது. ஆனால் நான்கைந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில், பெயர் குறிக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரையும் அது நிலமற்றவராக்கியது. பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்பிள்ளைகளை முற்படுத்திய அச்சட்டத்தின் பின்னுரிமை ஒழுங்கு 2022இலேயே திருத்தப்பட்டது என்பதால், மூன்று தலைமுறைப் பெண்கள் தாம் களை பிடுங்கி நாற்று நட்ட நிலத்தில் உரிமையின் வாயிலுக்கே வராமல் நின்றனர் என்பதையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. தம்பிமார் அண்ணனின் வளவில் ஒரு மூலையில் தனிக்கொட்டில் போட்டு, அவர் வயலில் உழைத்து, விளைவில் ஒரு பங்கைப் பெற்றனர். விளைச்சலைச் சொந்தக்காரரும் உழுதவரும் பகிரும் இந்த முறை வாரம் எனப்படும். சட்டப்படி குத்தகை இல்லாத காணிகளில் சொல்லளவில் குத்தகையும் ஈடும் பெருகின. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உத்தியோகம் பார்த்துக்கொண்டு, விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்துபோன காணிக்காரரும் இருந்தனர். அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு அருகே, உறுதி எழுதிய தனியார் காணிகளும் இப்பகுதியில் கணிசமாக இருந்தன. அவற்றின் உரிமையாளர் பலர் அங்கே வசிக்கவேயில்லை. வராத காணிக்காரருக்கு வளவில் இருந்துகொண்டு காவல் பார்க்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது.

அந்தக் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரைப் பற்றி, 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்று ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் அதில் கேட்கப்படவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் பேரில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பலர் வேலையையும் லயத்தையும் ஒருங்கே இழந்தனர். தோட்டங்களில் லயம் என்னும் வரிசை அறையும் வேலையோடு ஒட்டியதே. வேலை போனால் கூரையும் போகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப்பங்கீடு குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1958இன் வன்முறைக்குப் பின்னரே சிறு தொகையினர் வடக்கு நோக்கி வரத் தொடங்கியிருந்தனர். 1970களில் அது குடும்பம் குடும்பமான பெயர்வாயிற்று. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்முறைகள் ஒவ்வொன்றும் மேலும் ஆயிரக்கணக்கானோரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளின.

அவர்கள் வந்துசேர்ந்த காலம் இரணைமடுவின் வளமான காலம் என்பது இவ்வரலாற்றின் முக்கியமான முடிச்சு. 1970இல் பதவியேற்ற அரசு மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால், வடபகுதிக் கமக்காரரின் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் முன்னெப்போதும் இல்லாத விலை கிடைத்தது. நெல்லைப்போல் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் பயிரன்று மிளகாய். கன்று நட்ட நாளிலிருந்து நாளிடைவிட்டு நீர் இறைக்கவேண்டும். களை பிடுங்கிச் சாறவேண்டும். பழுத்ததைப் பலமுறை ஆய்ந்து, பாயில் பரப்பி, மழைக்கு முன் அள்ளி, வெயிலுக்குப் பின் விரிக்கவேண்டும். பெண்களின் கைகளும் சிறுவரின் கைகளும் இடையறாது தேவைப்பட்ட அந்த வேலைக்கு, கொழுந்து பறித்துப் பழகிய குடும்பம் ஒன்று வளவிலேயே இருப்பது காணிக்காரருக்குப் பெரும் வாய்ப்பு. ஆகவே வளவின் பின்மூலையில், வாய்க்காலையோ அலம்பல் வேலியையோ ஒட்டி, மண்சுவரும் கிடுகுக்கூரையுமாக ஒரு குடிசைக்கு இடம் கொடுக்கப்பட்டது. குடிநீர் காணிக்காரரின் கிணற்றிலிருந்து; விறகு காட்டிலிருந்து; வேலை நாட்களில் கூலி, ஆனால் அயலில் வழங்கிய கூலியைவிடக் குறைவாக. இரவில் வயலுக்கு நீர் கட்டுவது, காணிக்காரர் ஊருக்குப் போன நாட்களில் வீட்டைப் பார்ப்பது, மாட்டைப் பட்டியில் அடைப்பது, கலியாண வீட்டுக்கு விறகு கொத்துவது முதலியவை கூலிக்கணக்கில் வரமாட்டா. அவை இருந்துகொள்ள இடம் தந்ததற்கான கைம்மாறு. வேறிடத்தில் கூடுதல் கூலிக்குப் போனால் குடிசையை எடுக்கச் சொல்லலாம் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

இந்த உறவில் கருணை இல்லாமலில்லை. பசித்து வந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்ட வீடுகளும், தம் பிள்ளைகளோடு அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகளும், பின்னாளில் காணித்துண்டு ஒன்றைச் சும்மா எழுதிக்கொடுத்தவர்களும் அக்கிராமங்களில் உண்டு. ஆனால் கருணையாளரின் வளவில் இருந்தவரும் கடியவரின் வளவில் இருந்தவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில்தான் நின்றனர். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரக்காரரை மட்டுமே அறியும். அவர் வளவின் மூலையில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து அக்காணியை விளையச்செய்த குடும்பத்தை அது அறியாது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி கிடைக்க வழியும் இல்லை. காட்டோரத்தைத் தாமே வெட்டிக் குடியமர்ந்தவர்களோ அரச ஏடுகளில் அத்துமீறிக் குடியேறியோர் ஆயினர். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்று மலையக மக்கள் பெருந்தொகையாக வாழும் கிராமங்கள், பெரும்பாலும் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுநிலங்களில் அமைந்தமை தற்செயலன்று. நீர் பாயும் நிலம் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் தாமரைச்செல்வி தம் ‘பச்சை வயல் கனவு’ நாவலில் எழுதிய குடியேற்றக் காலத்தின் உழைப்புக்கும் பெருமிதத்துக்கும் பக்கத்தில், அந்தப் பச்சையை நட்டுத்தந்த இந்தக் கைகளின் வரலாறும் அதே விரிவுடன் எழுதப்படவேண்டியதாகும்.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களிலிருந்தே, தன்னார்வமாகத் தங்கி உழைத்தல் என்பதன் இன்னொரு முகம் வன்னியில் தோன்றியது. 1976இல் வவுனியாவை மையமாகக் கொண்டு, கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் காந்தியம் என்னும் அமைப்பைத் தொடக்கினர். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்து, மெல்பேர்ணில் பயின்று, வெளிநாடுகளிலும் பணியாற்றிய டேவிட், தம் உழைப்பின் பெரும்பகுதியை இவ்வமைப்புக்கே செலவிட்டார். 1977இன் வன்முறைக்குப் பின் அகதிகளாய் வந்த மலையகக் குடும்பங்களை வளவுகளின் மூலையில் ஒண்டவிடாமல், தமக்கென நிலமும் கிணறும் உடைய குடியிருப்புகளில் அமர்த்துவதே காந்தியத்தின் நோக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சிபெற்று, அக்குடியிருப்புகளில் ஊதியம் என்று சொல்லத்தக்க எதுவுமின்றித் தங்கி, நூற்றுக்கணக்கான பாலர் பாடசாலைகளை நடத்தினர், பால் பகிர்ந்தனர், நடமாடும் மருத்துவத்துக்குத் துணைநின்றனர், காடு வெட்டவும் கிணறு தோண்டவும் குடும்பங்களோடு சேர்ந்தனர். இங்கே தங்கிடம் கொடுத்தது நிலமற்றவரின் குடிசை. உழைப்பைக் கொடுத்தது நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. வளவின் கணக்கு தலைகீழாக்கப்பட்டது என்பதே காந்தியத்தின் ஆழமான சாதனை.

இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. 1910இல் தென்னாப்பிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க் அருகே ஹெர்மன் கலன்பாக் வழங்கிய ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி அமைத்த தோல்ஸ்தோய் பண்ணையில், சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள், அவற்றுள் பல தமிழ்க் குடும்பங்கள், பழமரங்களைப் பேணியும் தைத்தும் சமைத்தும் உழைத்து, அதற்கு ஈடாக உறைவிடமும் உணவும் பெற்றன. கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த ஒரு சமூகம், யாருக்கும் கூலியாக அன்றித் தமக்காகவே நிலத்தில் உழைத்த அனுபவம் அது. இலங்கையில், ஏ. ரி. ஆரியரத்ன 1958இல் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்னும் ஒடுக்கப்பட்டோர் கிராமத்துக்குத் தம் மாணவர்களை அழைத்துச் சென்று நடத்திய முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. சிரமதானம் என்பது உழைப்பைக் கொடையாகத் தருவது. இச்சொல் இன்று இலங்கைத் தமிழரின் அன்றாட வழக்கில், கோயில் வளவைத் துப்புரவாக்குவது முதல் வாய்க்காலைத் தூர்வாருவது வரை எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

காந்தியத்தின் குடியேற்றங்களுக்கு இன்னொரு நோக்கமும் இருந்ததை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தமிழ்ப் பகுதிகளின் எல்லையோரங்களில் அரசின் சிங்களக் குடியேற்றங்கள் முன்னேறுவதைத் தடுக்க, அங்கே தமிழ்க் குடும்பங்கள் அமரவேண்டும் என்ற தேசிய அரசியல் எண்ணம் அதில் கலந்திருந்தது. இதனால் நிலத்துக்காக ஏங்கிவந்த மலையகக் குடும்பங்களே ஆபத்தின் முன்வரிசையில் நின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றில் குடியமர்ந்த அகதிக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவ்விடத்தில் அரசு சிங்களச் சிறைக்கைதிகளையும் அவர்களது குடும்பங்களையும் குடியேற்றியது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் அங்கிருந்தவர்களைக் கொன்றனர். அதற்கு முன்னரே, 1983 ஏப்ரலில், டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதாகி, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பரில் நடந்த சிறையுடைப்பில் வெளியேறித் தமிழகம் சென்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தபின் நாடு திரும்பி, 2015 ஒக்ரோபரில் கிளிநொச்சியில் காலமானார். காந்தியத்தின் தன்னார்வ இளைஞரில் சிலர் ஆயுத இயக்கங்களில் சேர்ந்தனர். சிலர் நாட்டைவிட்டுப் போயினர். மற்றவர் என்ன ஆனார்கள் என்று கேட்பதற்கே ஆளில்லாமல் போயிற்று.

போர்க்காலத்தில் வளவுகள் எல்லோருக்கும் திறந்தன. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டைவிட்டு இலட்சக்கணக்கானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, இரணைமடுவின் கீழ் மாமரத்தடியும் மாட்டுக்கொட்டிலும் களஞ்சிய அறையும் குடும்பங்களால் நிறைந்தன. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வணிகர்களும், நேற்றுவரை மலையகத்தவர் இருந்த இடத்தில் இருந்து, வளவுக்காரருக்கு அரிவு வெட்டவும் மிளகாய் ஆயவும் கற்றனர். அவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தம் வீடுகளுக்குத் திரும்பினர். திரும்ப வீடு இருந்தது. 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்து, 1998இல் புலிகளிடம் மீண்டு, 2009 ஜனவரியில் இறுதியாகக் கைப்பற்றப்பட்டபோது, காணிக்காரரும் குடிசைக்காரரும் ஒரே உழவு இயந்திரப் பெட்டிகளில் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரே வகைக் கூடாரங்களில் அடைக்கப்பட்டனர்.

மீள்குடியேற்றம் பழைய வேறுபாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்திய அரசு வழங்கிய 50,000 வீடுகள் கொண்ட திட்டத்தில், வடக்கு, கிழக்குப் பயனாளி ஒருவருக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டு, அவரே தம் வீட்டைக் கட்டிக்கொண்டார். வடக்கில் நடந்த வீடமைப்புப் பணிகளுள் சிறந்தவற்றுள் ஒன்றான அத்திட்டமும், வீடு எழுவதற்குக் காணி உரித்தைக் காட்டும் ஓர் ஆவணத்தை எதிர்பார்த்தே நின்றது. நாற்பது ஆண்டுகளாக ஒரே வளவில் இருந்தும் காட்டுவதற்குத் தாள் இல்லாதவர்கள், அயலில் கல்வீடுகள் எழுவதைத் தகரக் கொட்டில்களிலிருந்து பார்த்தனர். 2017இல், வடக்கில் இராணுவம் பிடித்த காணிகளை விடுவிக்கக் கோரிப் பல இடங்களில் மக்கள் வீதியோரங்களில் அமர்ந்த அதே மாதங்களில், கிளிநொச்சியின் பன்னங்கண்டியிலும் ஒரு போராட்டம் நடந்தது. தனியாருக்கு உறுதியுள்ள காணிகளில் நெடுங்காலமாக வாழ்ந்த மலையகக் குடும்பங்கள், தாம் இருக்கும் நிலம் தமக்கே எழுதப்படவேண்டும் என்று கேட்டன. இராணுவத்துக்கு எதிரான போராட்டங்களுக்குக் கிடைத்த ஆதரவின் அளவுக்கு, தமிழ்க் காணிக்காரரை நோக்கிய இந்தக் கோரிக்கைக்கு ஆதரவு திரளவில்லை. இது தமிழ்ச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக இன்னும் கிடக்கிறது.

குளம் இதற்கிடையில் புதுப்பிக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் பன்னாட்டு வேளாண் அபிவிருத்தி நிதியத்தினதும் உதவியுடன் அணைக்கட்டு உயர்த்தப்பட்டு, வான்கதவுகள் திருத்தப்பட்டு, 2018 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் பெய்த பெருமழையில் கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்வான கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்வது பற்றிய வாதம் 2013இலிருந்து கமக்காரரை ஒன்றுதிரட்டியது. கோடையில் குளத்து நீர் முழு வயற்பரப்புக்கும் போதாது என்பதால், சிறுபோகம் என்னும் கோடைப் பயிர்ச்செய்கையின்போது ஆண்டுதோறும் கூட்டம் கூடி, இவ்வளவு ஏக்கருக்கே நீர் என்று தீர்மானித்து, அதை எல்லாக் கமக்காரருக்கும் பங்காக்குகின்றனர். நீர் குறைந்தவிடத்து இருப்பதைப் பகிரும் இந்த ஒழுங்கு வியக்கத்தக்க நியாயமுடையது. எனினும் பங்கு வயற்காணி உள்ளவருக்கே. கூட்டத்தில் குரலும் அவர்களுக்கே. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் வளவில் குடிவைத்து வேலைவாங்கும் தேவையும் அருகிவிட்டதால், ஒருகாலத்தில் உழைப்புக்காக வரவேற்கப்பட்ட குடிசைகள் இன்று காணிக்காரரின் பார்வையில் இடைஞ்சலாகவே தோன்றத் தொடங்கியுள்ளன.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையை வழங்கிவிட்டது. ஆகவே அரச காணி பெறுவதற்குச் சட்டத்தடை இல்லை. 2024 பெப்ரவரியில் தொடங்கிய ‘உறுமய’ திட்டம், 1935இன் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களை நிபந்தனையற்ற முழு உறுதிகளாக மாற்றும் வேலையை முன்னெடுத்தது. நூறாண்டை நெருங்கும் ‘பெர்மிற் காணி’ முறை இதனால் முடிவை நோக்கி நகரத் தொடங்கியது. உறுதி எழுதப்படும்போது அது எழுதப்படுவது அனுமதிப்பத்திரத்தில் பெயருள்ளவருக்கு. காணியின் அளவுப்படத்தில் வீடும் கிணறும் எல்லைக்கற்களும் குறிக்கப்படும். பின்வேலியோரக் குடிசையில் மூன்றாம் தலைமுறையாக வாழும் குடும்பத்தைப் பதிவுசெய்வதற்கு அவ்வுறுதியில் ஒரு நிரல் இல்லை.